அவள் தோணியில் ஏறினாளா

எப்போது கூப்பிட்டாலும் "என்னடா" என்று பாதிச் சிரிப்போடு திரும்பும் என் சரோஜா அக்காவுக்கு,

குடமுருட்டியில் தண்ணீர் வந்துவிட்டது. பாலத்தில் நின்று பார்த்தேன். நுரையும் செத்தையுமாக ஓடுகிறது. உன்னிடம் சொல்ல வேண்டும் என்ற நினைப்போடு வீட்டுக்குள் நுழைந்துவிட்டேன். ஆறு மாதமாகியும் இந்தப் பழக்கம் போகவில்லை. உன் கட்டிலை மடக்கிச் சுவரோரம் சாத்தி வைத்திருக்கிறேன்.

எழுதக் காரணம் அதுவல்ல. அந்தப் படம் வந்துவிட்டது, அக்கா.

இதை மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள். உனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. நான் கும்பகோணத்தில் கல்லூரியில் சேர்ந்த முதல் வருடம். வேதாரண்யத்துக்குப் போய்விட்டால் சினிமாவெல்லாம் நடக்காது என்று நீ கெஞ்சியதால், அப்பா என்னைத் துணைக்கு அனுப்பினார். மாலைக் காட்சி. படத்தில் ஒரு பெண் கையில் துணிமூட்டையோடு ஆற்றங்கரையில் நிற்கிறாள். தோணிக்காரன் வருகிறாயா இல்லையா என்று கேட்கிறான். அவள் திரும்பி ஊரைப் பார்க்கிறாள். இடைவேளை விட்டார்கள்.

"கடைசி பஸ் போயிடும்க்கா" என்று உன் கையைப் பிடித்து இழுத்தேன். படம் முடிந்து வேகமாக நடந்திருந்தாலும் பிடித்திருக்கலாம். எனக்குத்தான் தைரியம் இல்லை. பஸ் அன்றைக்கு ஒரு மணி நேரம் தாமதம். நீ என்னைத் திட்டவில்லை. நின்று நின்று கால் மாற்றிக்கொண்டு, "இந்நேரம் அவ ஏறியிருப்பாளாடா?" என்று மட்டும் கேட்டாய்.

அதன் பிறகு அதுவே நமக்குள் விளையாட்டாகிவிட்டது. வேதாரண்யத்திலிருந்து வந்த கடிதங்களில் கடைசி வரி அதுதான். அத்தான் போனபின், தனியாக இருந்த என்னோடு தங்க வந்தாயே, அன்றும் பெட்டியைக் கீழே வைத்த கையோடு கேட்டாய். "தோணிக்காரன் இன்னும் நிக்கிறான்க்கா" என்றேன். விளையாட்டு என்றுதான் நினைத்திருந்தேன். போன வருடம் படுக்கையில் விழுந்தபின் ஒருநாள், சிரிக்காமல் கேட்டாய்: "அந்தப் படம் எங்கயாவது கிடைக்குமாடா?"

கும்பகோணத்துக் கடைகளிலும் தஞ்சாவூர்க் கடைகளிலும் கிடைக்கவில்லை. நெட் சென்டர் வைத்திருக்கும் ரஹ்மத்தான் வழி சொன்னாள். சந்தா கட்டினால் டிவிடி வீட்டுக்கே கூரியரில் வரும், பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினால் அடுத்தது வரும் என்றாள். இரண்டு கம்பெனிகள் இருந்தன.

நான் எப்படித் தேர்ந்தெடுப்பேன் என்று உனக்குத் தெரியாதா? ஒரு முழுத்தாளில் கோடு போட்டேன். ஒரே சமயத்தில் எத்தனை டிவிடி தருவார்கள், நம் பாபநாசத்துக்கு வர எத்தனை நாள், திருப்பி வாங்க ஆள் வருவானா, கீறல் விழுந்தால் மாற்றித் தருவார்களா, மொத்தம் எத்தனை படம். எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டேன். மூன்று வாரம் ஆயிற்று.

"சார், மொதல்ல அந்தப் படம் பேரை அடிச்சுப் பாத்துடுங்களேன்" என்றாள் ரஹ்மத்.

"அதெல்லாம் இருக்கும்மா. இவங்ககிட்டதான் படம் ஜாஸ்தி" என்றேன். பெரிய கம்பெனிக்கே ஒரு வருடச் சந்தா கட்டிவிட்டு வந்தேன். மறுநாள் தேடினால், அந்தப் படம் அவர்களிடம் இல்லை. சின்னக் கம்பெனியிடம் இருந்தது.

நீ சிரித்தாய். இருமல் வந்து நான் முதுகைத் தடவிவிடும்வரை சிரித்தாய். "ஏன்டா, ஆயுசு பூரா லைப்ரரியனா இருந்தவன், புஸ்தகம் இருக்கான்னு பாக்காமலே கார்டு போட்டுட்டியா?"

முப்பது வருடத்துக்கும் மேலாக நூலகத்தில் ஒவ்வொருவரும் என்னிடம் முதலில் கேட்ட கேள்வி அது. நான் கேட்காமல் விட்ட ஒரே கேள்வியும் அதுதான்.

"அந்த இன்னொருத்தன்கிட்ட கேக்கலாமா?" என்றாய்.

"ஒரு வருஷத்துக்குக் கட்டியாச்சேக்கா. இது முடியட்டும்."

"முடியட்டும். எனக்கென்ன அவசரம்."

அவசரம் இருந்தது. தஞ்சாவூர் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, உன் இதயம் தாங்கப்போவது சில மாதங்கள்தான் என்று சொல்லியிருந்தார். அன்றே அடுத்த கம்பெனிக்கு ஓடினால் நீ கண்டுபிடித்துவிடுவாய் என்று பயந்தேன். ஒரு ரூபாய்க்கு யோசிக்கிற தம்பி இரண்டு சந்தா கட்டுகிறான் என்றால் உனக்குப் புரியாதா? இதுதான் காரணம் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போது சந்தேகமாக இருக்கிறது. வெறும் பழக்கமோ? கட்டியது முடியாமல் இன்னொன்று கட்டக் கை வராத குணமோ? "எனக்கென்ன அவசரம்" என்று சொன்னபோது நீ ஏன் என் முகத்தைப் பார்க்கவில்லை? உனக்குத் தெரிந்திருந்ததா?

மற்ற படங்கள் வந்தன. தலையணையை உயர்த்திக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தாய். ஒன்று முடிந்ததும், "நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுல ஒரு தோணிகூட வரலையே" என்றாய். தை பிறந்து நாலாம் நாள் காலையில் காபி கலந்துகொண்டு வந்தேன். நீ விழிக்கவில்லை.

அந்தச் சந்தா இன்னும் முடியவில்லை. உறைகள் வந்துகொண்டே இருக்கின்றன. பிரிக்காமல் திருப்பி அனுப்புகிறேன். போன வாரம்தான் ரஹ்மத்திடம் போய் அந்தச் சின்னக் கம்பெனியில் சேரச் சொன்னேன். அவள் படத்தின் பேரை அடித்து, இருக்கிறது என்று என் பக்கம் திருப்பிக் காட்டிவிட்டு, "இப்ப கட்டலாமா சார்?" என்றாள். பத்து நிமிடம்கூட ஆகவில்லை, அக்கா. மூன்றாம் நாள் டிவிடி வந்துவிட்டது.

நேற்று மதியம் போட்டேன். ஆறு அதே ஆறுதான். அவள் மூட்டையோடு நின்றாள், திரும்பினாள், திரையில் இடைவேளை என்று எழுத்து வந்தது. என் கண் சுவர்க் கடிகாரத்துக்குப் போயிற்று. நான் பிடிக்க வேண்டிய பஸ் எதுவும் இல்லை. ஆனாலும் எழுந்துவிட்டேன். டிவியை அணைத்துவிட்டு வாசலில் போய் நின்றேன். நாற்பது வருடத்துக்கு மேல் ஆகியும் நான் அதே ஆள்தான்.

நாளை மதியம் உன் கட்டிலை விரித்து, தலையணையை உனக்குப் பிடித்த உயரத்துக்கு வைப்பேன். நான் கால்மாட்டில் உட்கார்ந்துகொள்வேன். கடிகாரத்தை இப்போதே கழற்றி அலமாரிக்குள் வைத்துவிட்டேன். அவள் தோணியில் ஏறுகிறாளா, ஊருக்கே திரும்புகிறாளா என்று பார்த்து, முதலில் உன்னிடம் சொல்கிறேன். இந்தத் தடவை எழுந்திருக்க மாட்டேன்.

பாதிப் படத்தில் உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்த
உன் தம்பி
நடராஜன்