ஆயிலைக் குடித்தது யார்

திருப்பூர்
12.10.2003

அன்புள்ள மாமாவுக்கு,

நானும் நம் பாப்பாவும் சுகமாக இருக்கிறோம். அத்தைக்கு முட்டிவலி போன மாதத்துக்கு இப்போது பரவாயில்லை. சுகமில்லாமல் இருப்பது நம் பிக்கப் வண்டி ஒன்றுதான். போனில் சொல்ல வாயெடுத்தால் "கார்டு தீருது" என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன், முழுசாகப் படியுங்கள்.

வண்டி இன்ஜின் ஆயிலைக் குடிக்கிறது. நீங்கள் மொரீஷியஸுக்குக் கிளம்பும்வரை ஒருமுறை ஆயில் மாற்றினால் அடுத்தமுறை வரைக்கும் நடுவில் கால் லிட்டர் ஊற்றியிருப்போமா என்பதே சந்தேகம். இப்போது பத்து நாளைக்கு ஒரு லிட்டர் ஊற்றுகிறோம். என் தம்பி வேல்குமார் உங்களைவிட அக்கறையாகத்தான் ஓட்டுகிறான், கோபித்துக்கொள்ளாதீர்கள். காலையில் அவன் ஆயில் அளவு பார்க்கிற குச்சியை உருவிக் காட்டுகிறான். கீழ்க்கோட்டுக்கும் கீழே நிற்கிறது.

நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. வண்டி சமதரையில் நிற்க வேண்டும், இன்ஜினை அணைத்துப் பத்து நிமிஷம் பொறுத்துக் குச்சி பார்க்க வேண்டும் என்றார்கள். பார்த்தோம், அதே கதைதான். ஒழுகுகிறதோ என்று ரிஜெக்ட் வெள்ளைத் துணி இரண்டு மீட்டர் வெட்டி வண்டிக்கு அடியில் விரித்து வைத்தேன். காலையில் பார்த்தால் சின்னதாக இரண்டே பொட்டு. ஒரு லிட்டர் அதில் போயிருக்க முடியாது. ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் கொஞ்சம் நீலப் புகை வருகிறது. மங்கலம் ரோட்டில் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். தூரத்தில் நின்று மூக்கை உறிஞ்சினார், "பிஸ்டன் ரிங் போச்சுங்க, இன்ஜினை எறக்கோணும்" என்றார். பானட்டைக்கூடத் திறக்கவில்லை, மகராசன்.

இன்ஜினை இறக்கினால் பதினைந்து நாள் வண்டி நிற்கும். இது கிறிஸ்துமஸ் ஆர்டர் போகிற நேரம். நிட்டிங் கம்பெனியிலிருந்து சாயப்பட்டறைக்குத் துணி ரோலை நான் தலையிலா சுமக்க முடியும்? லோடு கொடுக்கிறவர்கள் மூன்று நாள் பொறுப்பார்கள், நான்காம் நாள் வேறு வண்டியைக் கூப்பிட்டுவிடுவார்கள். என்ன செய்யட்டும் என்று யோசித்துச் சொல்லுங்கள். அங்கே வெயிலில் அலையாதீர்கள்.

உங்கள்
சித்ரகலா


திருப்பூர்
9.11.2003

அன்புள்ள மாமாவுக்கு,

யோசித்துச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தேன். நீங்கள் யோசித்த அழகை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஒன்றரை நிமிஷம் பேசினீர்கள். அதில் "ஆயில வண்டி குடிக்குதா, உன்ற தம்பி குடிக்கறானா? மொதல்ல அவனக் கேளு. டிரைவருங்க ஊத்தற மாதிரி காட்டிப்போட்டு டப்பாவோட வித்துருவாங்க" என்றீர்கள். அத்துடன் கார்டு தீர்ந்துவிட்டது.

நான் புத்தி கெட்டுப்போய்க் கேட்டுவிட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை அவன் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். ஆயில் டப்பா எல்லாம் எங்கே வைக்கிறாய் என்று சுற்றி வளைத்துத்தான் ஆரம்பித்தேன். அவனுக்கு உடனே புரிந்துவிட்டது. குழாயை மூடினான். "அக்கா, இது நீங்க கேக்கறீங்களா, மச்சான் கேக்கச் சொன்னாருங்களா?" என்றான். உங்கள் பேரைச் சொன்னால் உங்களுக்கு ஆகாது, என் பேரைச் சொன்னால் அவனுக்கு ஆகாது. மரம் மாதிரி நின்றேன்.

மீதி வண்டியையும் கழுவி முடித்துத் துடைத்தான். சாவியை டிவி மேல் வைத்தான். சாப்பிட்டுவிட்டுப் போ என்று கெஞ்சினேன், அத்தையும் கூப்பிட்டுப் பார்த்தார்கள். பையை எடுத்துக்கொண்டு கணியூருக்கு பஸ் ஏறிவிட்டான். ஊரில் தென்னந்தோப்பு வேலை பார்த்துக்கொண்டிருந்தவனை, "மாப்பிள்ளை, நீ இருந்தாத்தான் நான் நிம்மதியாப் போவேன்" என்று வரவழைத்தது யார்? நான் இல்லை.

இப்போது ஸ்டாண்டிலிருந்து ஆக்டிங் டிரைவர் ஒருவர் வருகிறார். கியரை அவர் போடுகிற சத்தம் தெருமுனைக்குக் கேட்கிறது. பாப்பா கீதாஞ்சலி தினமும் வாசலில் நின்று மாமன் எங்கே என்று கேட்கிறாள். தை பதினெட்டாம் தேதி சிவன்மலையில் அவளுக்குக் காது குத்துவதாகச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லியாயிற்று. எனக்குக் கூடப் பிறந்தவன் அவன் ஒருத்தன்தான். அவன் மடியில் உட்கார வைக்காமல் குழந்தைக்குக் காது குத்த முடியுமா? இதையாவது நிதானமாக யோசியுங்கள்.

சித்ரகலா


திருப்பூர்
14.12.2003

மாமாவுக்கு,

இந்தக் கடிதத்தை நின்றுகொண்டு படிக்காதீர்கள். உட்கார்ந்து படியுங்கள்.

வேல்குமார் போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. ஆயில் டப்பாவை நான் பீரோவில் வைத்துப் பூட்டினேன், நானே ஊற்றினேன். அப்போதும் பத்து நாளைக்கு ஒரு லிட்டர்தான். அந்த முதல் பத்து நாளிலேயே எனக்குத் தெரிந்துபோயிற்று, என் தம்பி மேல் தப்பில்லை என்று. யாரிடம் போய்ச் சொல்வது? போனில் சொன்னேன், நீங்கள் "அப்ப ரிங்குதான்" என்றீர்கள். தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

சென்ற வாரம் முதலிபாளையத்தில் ஈஸ்வரமூர்த்தி என்று ஒரு வயசான மெக்கானிக்கிடம் வண்டியைக் கொண்டுபோனேன். அவர் மூக்கை உறிஞ்சவில்லை. இன்ஜினை ஓடவிட்டு ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்தார். புஸ்ஸென்று காற்று அடித்து அவர் சட்டையெல்லாம் ஆயில் தெறித்தது. "ஏனுங்கம்மா, உள்ள இத்தன அழுத்தம் எப்படிங்க வருது? மூச்சு விடற குழாய எவனோ அடச்சுட்டான்" என்றார். இன்ஜினுக்குள் சேருகிற காற்று வெளியே போக ஒரு ரப்பர் குழாய் இருக்கிறதாம். அது அடைபட்டால் காற்று வேறு வழி தேடி ஆயிலையும் தள்ளிக்கொண்டுபோய் எரியவிடுமாம். குழாயைக் கழற்றிக் கம்பியை விட்டு இழுத்தார்.

வெளியே வந்தது ஒரு துணி உருண்டை. கெட்டியாகச் சுருட்டி, கோன் நூலால் சுற்றி, நூல் அறுந்தால் நிட்டிங் மெஷினில் போடுகிற அந்தச் சின்ன முடிச்சைப் போட்டு அடைத்திருந்தது. உங்களைப் போல ஊரில் ஆயிரம் பேர் அந்த முடிச்சைப் போடுவார்கள். ஆனால் மெரூன் கோடு போட்ட அந்தத் துணி உங்கள் பழைய லுங்கி மாமா. மீதிப் பாதி இன்றைக்கும் நம் வீட்டில் கரித்துணியாகக் கிடக்கிறது.

ஞாபகம் வருகிறதா? நீங்கள் கிளம்புவதற்கு முந்தின வாரம், வெள்ளை ரோலில் ஆயில் தெறித்திருக்கிறது என்று துணியை அழுத்திச் சுருட்டுகிற காம்பாக்டிங் பட்டறையில் ரோலைத் திருப்பி அனுப்பினார்கள். நீங்கள் வண்டிக்கு அடியில் படுத்து எழுந்துவந்து, இனிமேல் ஒரு பொட்டு தெறிக்காது என்றீர்கள். தெறித்தது அந்தக் குழாயிலிருந்துதான். நீங்கள் அடைத்த பிறகு தெறிக்கவில்லை, அது உண்மைதான். அடைத்ததை வேல்குமாரிடமாவது சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். நான் நடு ரோட்டில் நின்று அழுதேன். ஈஸ்வரமூர்த்தி என்ன நினைத்தாரோ, லோடு மேல் தெறிக்காதபடி குழாயை நீளமாக்கிக் கீழே திருப்பிவிட்டு, "ரிங்கு நல்லாத்தானுங்க இருக்குது, அழுகாதீங்க" என்றார். இன்றோடு எட்டு நாள். குச்சியில் ஆயில் மேல்கோட்டிலேயே நிற்கிறது.

புதன்கிழமை கணியூர் போனேன். நடந்ததை ஒளிக்காமல் சொல்லி, என்னை மன்னித்துக்கொள் என்று அவன் கையைப் பிடித்தேன். அவன் கேட்டது ஒன்றுதான். "வண்டி நல்லாயிருச்சுங்களா அக்கா?" என்றான். காது குத்துக்கு வருவாயா என்று பஸ் ஏறும்போதுதான் கேட்க முடிந்தது. "பாப்பாவுக்கு நான் வராம யாருங்க வருவாங்க? ஆனா மச்சான் ஒரு வார்த்த சொல்லோணும். திருடன்னு நெனச்சவரு ஊட்டு விசேசத்துல நான் எப்படிங்க அக்கா மணையில போய் உக்கார்றது?" என்றான். அவன் கேட்டது நியாயம்தான்.

நீங்கள் சீர் செய்ய வேண்டாம், வேட்டி துண்டு அனுப்ப வேண்டாம். போனும் வேண்டாம், அதில் உங்களுக்குக் கார்டு தீர்ந்துவிடும். ஒரு கடிதம் எழுதுங்கள். நான் அவனிடம் கேட்டது என்னை அறுத்துக்கொண்டிருக்கிறது, அதை நான் சுமந்துகொள்கிறேன். கேட்கச் சொன்னதை நீங்கள்தான் இறக்கி வைக்க வேண்டும். தை பதினெட்டுக்குள் அவனுக்குக் கடிதம் வராவிட்டால் நான் வேறு மடி தேட மாட்டேன். பாப்பா காது குத்தாமலே வளரட்டும். ஏன் என்று அவள் கேட்கிற வயசில் நீங்களே பதில் சொல்லிக்கொள்ளுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள். உங்கள் மேல் எனக்கு ஆத்திரம் இருக்கிறதே தவிர வேறொன்றும் இல்லை. சிவன்மலை ஆண்டவர் உங்களுக்குத் துணை இருக்கட்டும்.

இதனுடன் ஒரு கவர் வைத்திருக்கிறேன். கணியூர் விலாசத்தை நானே எழுதிவிட்டேன். உள்ளே வைக்கிற தாளில் மாப்பிள்ளை என்று ஆரம்பியுங்கள், அதற்குப் பிறகு உங்கள் கை தானாக எழுதும்.

சித்ரகலா