நீல டின்னில் இருந்த தூள்

இன்று காலையில் உன் நீல டின்னைத் திறந்தேன். அடியில் ஒரு சிட்டிகைத் தூள்கூட இல்லை. வாசனை மட்டும் இருக்கிறது. மூக்கை உள்ளே விட்டபடி நின்றதில் அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது. நீ இருந்திருந்தால், "ஏலே, பாலப் பாருலே, டின்னுக்குள்ள என்னத்தத் தேடுத?" என்று கத்தியிருப்பாய்.

இருபது வருஷம் குற்றாலத்தில் சேர்ந்து டீக்கடை நடத்தினோம். பால் என் பாடு, தூள் உன் பாடு. பச்சை டின்னிலிருந்து இரண்டு கரண்டி, நீல டின்னிலிருந்து ஒரு கரண்டி போடுவாய். நீலத்தில் என்ன இருக்கிறது என்று நான் கேட்டதே இல்லை. அருவியில் குளித்துவிட்டு ஈரத்துண்டோடு பல் கிட்டிப்போய் வருகிறவர்கள், "என்ன தூளு அண்ணாச்சி?" என்பார்கள். "நம்ம மலைத் தூளு" என்பாய். நானும் அப்படித்தான் நம்பினேன்.

கோத்தகிரியில் வாழ்க்கைப்பட்ட உன் தங்கச்சி, தேயிலைத் தோட்டத்துப் பச்சை இலைக்கு விலையே இல்லை என்று ஒரு தடவை ஃபோனில் அழுதாள். வெளிநாட்டுத் தூள் வந்து இறங்குவதை அரசாங்கம் தடுக்க வேண்டும் என்று உடனே மனு எழுதினாய். டீ குடிக்க வந்தவர்களிடமெல்லாம் கையெழுத்து வாங்கினாய். போட்டவர்களுக்கு அன்றைக்கு டீ சும்மா.

நீ போய் மூன்று மாதம் ஆகிறது. நீ வாங்கி வைத்த தூள் போன வாரம்வரை வந்தது. அதற்குள் நீ கேட்ட கட்டுப்பாடும் வந்துவிட்டது. தென்காசியில் நீ தூள் வாங்கும் கடைக்குப் போய் இரண்டு டின்னையும் நீட்டினேன். கடைக்காரர் பச்சையில் நீலகிரித் தூளை நிரப்பிவிட்டு, நீலத்தைத் தள்ளி வைத்தார்.

"இது இனி கெடைக்காது அண்ணாச்சி. ஆப்பிரிக்கா தூளுல்லா. இறக்குமதிய இறுக்கிட்டாவ."

"எங்க கடைக்கு எதுக்கு ஆப்பிரிக்கா தூளு?"

"அவரு எப்பவும் இதத்தான வாங்குவாரு. டிகாஷன் நல்லா எறங்கும். வெலையும் கட்டுப்படியாவும்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அந்த மனுவில் முதல் கையெழுத்து உன்னுடையது. கையெழுத்துப் போட்டவர்களுக்கு நீ ஊற்றிக் கொடுத்த டீயிலும் அதே தூள். யாரை ஏமாற்றினாய், தங்கச்சியையா, என்னையா? இல்லை, பத்து ரூபாய்க்கு ஒரு கிளாஸ் கொடுக்க வேறு வழி தெரியாமல் செய்தாயா? கோபம் வந்தது. கோபப்பட நீ இல்லையே என்று அழுகையும் வந்தது.

தங்கச்சிக்கு ஃபோன் போட்டேன். "எலைக்கு ரெண்டு ரூவா கூடியிருக்குண்ணே. எங்கண்ணன் இருந்து பாக்கலையே" என்றாள். நீல டின்னைப் பற்றிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இப்போது பச்சை டின் தூள் மட்டும்தான். கிளாஸ் பதினைந்து ரூபாய். வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். வெளிநாட்டுத் தூள் மறுபடி வந்தால் வாங்குவேனா, மாட்டேனா? நீ என்ன சொல்லுவாய் என்று யோசித்தால் இரண்டு பக்கமும் நீயே நிற்கிறாய்.

இன்று காலையில் நம் ஆட்டோக்காரர் பாதி கிளாஸைக் கீழே வைத்தார். "பழைய ருசி இல்லையே, தூள மாத்திட்டியளா?"

"நம்ம மலைத் தூளு" என்றேன், நீ சொல்லுகிற மாதிரியே. இத்தனை வருஷத்தில் அது முழு உண்மையானது இப்போதுதான். அவர் நம்பவில்லை.