ஸ்டெல்லா அக்கா நீட்டிய கை

ஐப்பசி, செவ்வாய் இரவு.

மழையில் வீடு ஒழுகிய குடும்பங்களுக்கென்று ஒருவர் இன்று எங்கள் மகளிர் சங்கத்துக்குப் போர்வைகள் கொண்டுவந்தார். கொடுக்கும்போது போட்டோ எடுக்க வேண்டும் என்றார். வரிசையில் முதலில் நின்ற தேவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

சங்கத்தை நடத்தும் ஸ்டெல்லா அக்கா சட்டென்று முன்னால் போய் இரண்டு கையையும் நீட்டினார். "எங்கிட்ட குடுங்க சார். நல்லா எடுத்துக்கோங்க."

போர்வை கொண்டுவந்தவர் சந்தோஷமாகப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பினார். பிறகுதான் போர்வைகளை எல்லோருக்கும் கொடுத்தோம்.

"ஊரே பாக்கும்கா. உங்களத்தான் இல்லாதவங்கன்னு நெனைக்கும்," என்றேன்.

"நெனைச்சிக்கட்டும்மா. தேவி அழுதுக்கினு நின்னாளே, பாத்தியா? நாளைக்கு அவ தெருக்கொழாய்ல தல நிமிந்து தண்ணி புடிக்கணும்."

அடுத்த மழைக்கும் யாராவது போட்டோ கேட்பார்கள். அன்று அக்கா ஊரில் இல்லாவிட்டால், நான் கையை நீட்டுவேனா?

நீட்ட வேண்டும்.