அயர்ச்சி இல்லை, அசதிதான்

மேல்வீட்டுக்காரர் ரிசர்விஸ்ட் ராணுவப் பயிற்சி முடிந்து வந்துவிட்டார் போலிருக்கிறது. அவருடைய பச்சைச் சீருடை மூங்கில் கழியிலிருந்து சொட்டி, கீழே நான் காயப்போட்ட சட்டையை நனைத்துக்கொண்டிருந்தது. சிங்கப்பூரில், இந்தக் குவீன்ஸ்டவுன் அடுக்குமாடியில் இது வாடிக்கையான கூத்து. மேலே பார்த்துக் கத்த வாயெடுத்தேன், உன் ஞாபகம் வந்து தொலைத்தது.

அந்தச் சீருடைக்கு ஆங்கிலத்தில் ஏன் 'ஃபட்டீக்ஸ்' என்று பேர் வந்தது என்று எத்தனை தடவை சொல்லி என் காதைத் துளைத்திருப்பாய்! சிராங்கூன் ரோட்டு மாடியில் எதிரெதிர் மேசையில் உட்கார்ந்து, கப்பல் பட்டறை அறிவிப்புகளையும் கிளினிக் படிவங்களையும் நாம் தமிழாக்கிய பதினோரு வருஷமும் அதே பாட்டுதான்.

"சண்டை போடுறதுக்குப் பேரு ஃபட்டீக் இல்லப்பா. குழி வெட்டுறது, கூட்டுறது, சட்டி கழுவுறது, பட்டாளத்துல அந்த வேலைக்குத்தான் அந்தப் பேரு. அப்புறம் அதுக்குப் போடுற உடுப்புக்கும் ஒட்டிக்கிச்சு" என்பாய். களைப்பு என்ற பொருளோடு லத்தீனில் கிளம்பி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல், கடைசியில் இரும்பையும் பிடித்துக்கொண்டது. 'மெட்டல் ஃபட்டீக்' என்பதை நீ 'உலோக அயர்ச்சி' என்று எழுதப்போக, பட்டறை மேற்பார்வையாளர் போன் போட்டார். "அண்ணே, இரும்பு அயர்ந்து தூங்குமாண்ணே? எல்லாரும் சிரிக்கிறாங்க." நீ அசைந்து கொடுத்தாயா?

"திரும்பத் திரும்ப வளைச்சா இரும்பே ஒருநாள் சொல்லாமக் கொள்ளாம முறிஞ்சிடும். சிரிக்கிறவன் சிரிக்கட்டும் லா."

இரும்பைப் பற்றி இவ்வளவு தெரிந்த உனக்கு உன் உடம்பைப் பற்றி ஒரு மண்ணும் தெரியவில்லை. போன வருஷம் ஆபீஸ் மாடிப்படியில் பாதியிலேயே உட்கார ஆரம்பித்தாய். டாக்டரைப் பார் என்றால், "வெயில்ப்பா, அசதி" என்பாய். ஒரு மாதம் கத்திப் பார்த்துவிட்டு, நானே உன்னைக் கையைப் பிடித்து கிளினிக்குக்கு இழுத்துப் போனேன்.

அங்கே நீட்டிய படிவம் நாமே தமிழாக்கியது. 'சில வாரங்களாக அயர்ச்சி உண்டா?' என்ற கேள்வி உன் கைவண்ணம். அதற்கு நேரே 'இல்லை' என்று குறி போட்டாய்!

"என்னடா இது?" என்றேன்.

"அயர்ச்சின்னா உழைச்சு ஓஞ்சு போறது. நான் நாள் முழுக்க நாற்காலியிலதானே இருக்கேன்? எனக்கு இருக்கிறது அசதி."

உன்னை வைத்துக்கொண்டு நான் என்னதான் செய்வது? ஆனால் நான் மட்டும் என்ன யோக்கியன்? பேனாவைப் பிடுங்கிக் குறியை மாற்றியிருக்க வேண்டும். அதை விட்டுவிட்டு, அயர்ச்சிக்கு மறதி என்றும் பொருள் இருக்கிறது, அந்தச் சொல்லையே போட்டிருக்கக் கூடாது என்று பிடித்துக்கொண்டேன். பத்து நிமிஷம் மல்லுக்கட்டினோம். உன் எண்ணைக் கூப்பிட்டதும் சிரித்துக்கொண்டே எழுந்தாய். "சரிப்பா, நீ ஜெயிச்சே."

டாக்டர் படிவத்தைப் பார்த்தார், சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினார். மூன்றாம் வாரம் உன் நெஞ்சு நின்றுபோனது.

அந்தப் படிவம் இப்போது மறுபதிப்புக்கு வந்திருக்கிறது. 'ரொம்ப டயர்டா இருக்கா?' என்று போட்டு அனுப்பினேன். இதெல்லாம் ஒரு தமிழா என்று கிளினிக்கில் இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் முறையும் அதையே அனுப்பியிருக்கிறேன்.

அன்றைக்கு வாதத்தில் நான் ஜெயித்தது உண்மைதான்டா. நீ போட்ட குறியை மட்டும் நான் மாற்றவே இல்லை.