குண்டனோட ஆறு பல்லு

என்னங்க,

குண்டனைத் தூக்கிக்கிட்டு நாய் டாக்டர்கிட்ட போறேன். மூணு நாளா தண்ணிகூட இறங்கல, வாயெல்லாம் ரத்தம். ஆறு பல்லு பிடுங்கணுமாம். மயக்க மருந்து, எக்ஸ்ரேன்னு நம்ம ரெண்டு மாச வாடகை அளவுக்குக் கேக்கறாங்க.

"அந்தக் காசுக்கு நாலு நாய் வாங்கலாம்"னு நீங்க சொன்னது காதிலேயே நிக்குது. நேத்து டாக்டரம்மா கால்ல விழாத குறையா கெஞ்சினேன். ஆபரேஷன் கவுன் அறுபது தச்சுக் குடுத்தா பாதியைக் கழிச்சுக்கறேன்னாங்க. மீதிக்கு என் வளையல் போகுது.

நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்ததும் சாப்பிடுங்க, சோறு அடுப்பு மேல இருக்கு.

ஒண்ணு விட்டுட்டேன். மயக்கத்திலேயே உயிர் போனாலும் சம்மதம்னு கையெழுத்துப் போடணுமாம். எனக்குக் கை வரல. நீங்க ஃபோனையும் எடுக்க மாட்டேங்கறீங்க. பதினோரு மணிக்குத்தான் மயக்க ஊசி. திட்டறதை அங்க வந்து திட்டுங்க.