மூடி வைத்த விடை

அன்புள்ள சின்னவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். முழங்கால் ஒன்றைத் தவிர நான் நலம். நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறேன், ஆதாரம்தான் இல்லை. வியாழக்கிழமை நீ போனில் "அம்மா, விடையைத் திறந்துட்டோம்மா!" என்று கத்திய நேரத்திலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை. உடனே அண்ணனுக்குச் சொன்னேன். அவன் அலுவலகக் கூட்டத்தின் நடுவில் எழுந்து வந்து, எவ்வளவு வந்தது, அலகு என்ன என்று கேட்டான். அலகே கிடையாதுடா, அது வெறும் எண் என்றேன், கூட்டத்துக்கே திரும்பிப் போய்விட்டான். அவன் மகளுக்கு முன்பல் விழுந்துவிட்டது, சித்தி வரும்வரை புதுப்பல் முளைக்கக் கூடாது என்று அடம். கீழ்வீட்டுத் தையற்கார அம்மாவிடமும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. குவார்க் என்கிற மிகச் சிறிய துகள்களில் கனமான ஒன்று சிதையும்போது வேறு வகையாக மாறும், மிக அரிதாக மாறுகிற வகை ஒன்று உண்டு, அது எவ்வளவு அரிது என்று என் மகள் ஆறு வருஷம் எண்ணிக் கண்டுபிடித்தாள் என்றேன். "எண்ணுறதுக்கா ஆறு வருஷம்? நான் ஒரே நாள்ல நூறு பொத்தானுக்குக் காஜா எடுத்துடுவேனேக்கா" என்றாள். உனக்குத் துணி கையில் இருக்கிறது, அவளுக்கு உடைந்து சிதறியதுதானே கிடைக்கிறது என்றதும், "அப்ப கஷ்டந்தான்" என்று ஒப்புக்கொண்டு, உனக்குச் சட்டை தைக்க அளவு கேட்கிறாள்.

ஒன்றை எழுதாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. கணக்குச் செய்யும் முறை சரி என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளும்வரை விடையைக் கணினி மறைத்தே வைத்திருக்கும் என்று நீ சொல்லியிருக்கிறாய். நான்கு மாதத்துக்கு முன், திறக்க இரண்டே நாள் இருக்கும்போது அழுதுகொண்டே கூப்பிட்டாய். நூறு சிதைவுகளில் கருவி எத்தனையைத் தவறவிடுகிறது என்ற கணக்கில், மெதுவாகப் போகும் துகள்களுக்கு நீயே தவறுதலாகப் பழைய அளவை வைத்துவிட்டாய், வேறு யாரும் கவனிக்கவில்லை, சொன்னால் எல்லாம் தள்ளிப்போகும், இதையே அளக்கும் போட்டிக் குழு முந்திவிடும் என்றாய். தப்பை ரப்பரால் அழிக்காதே, ஒரு கோடு போட்டு அடித்துச் சரியானதைப் பக்கத்தில் எழுது என்று கன்னியர் மடத்துப் பள்ளியில் கற்று, அதையே உங்கள் இருவருக்கும் அடித்துச் சொல்லிக்கொடுத்தவள் நான். அன்று நான் என்ன சொன்னேன்? சின்ன விஷயம்தானே, பேசாமல் இரு, திறந்த பிறகு திருத்திக்கொள்ளலாம் என்றேன். "திறந்த பிறகு திருத்தினா, பிடிச்ச விடைக்காகத் திருத்தின மாதிரி ஆயிடும்மா. நீயா இப்படிச் சொல்றே?" என்று கேட்டுப் போனை வைத்தாய். எனக்குச் சுருக்கென்றது, கோபமும் வந்தது, ஒரு வாரம் நானாகக் கூப்பிடவில்லை. நீ போய்ச் சொன்னாய், போட்டிக் குழு முந்தியது, உன் குழுத் தலைவர் முகம் கொடுத்துப் பேசாமல் திரிந்தார். இப்போது பார், பழைய அளவோடு திறந்திருந்தால் விடை விலகி வந்து, ஏதோ புதிய இயற்பியல் என்று கொண்டாடிவிட்டுப் பிறகு உலகத்தின் முன் தலைகுனிந்திருப்பீர்கள். திருத்தித் திறந்ததில் இரு குழுக்களின் விடையும் ஒத்துப்போகிறது, உன்னுடையதில் பிழை வரம்பும் குறைவு. அந்தத் தலைவரே எழுந்து நின்று கைதட்டினார் என்றாய், அதை நான் மறுபடி மறுபடி நினைத்துத் தனியாகச் சிரித்துக்கொள்கிறேன். அப்பா இருந்திருந்தால் தெருவில் போவோர் வருவோரை எல்லாம் நிறுத்தி வைத்துக் குவார்க் பாடம் நடத்தியிருப்பார், நல்லவேளை தெரு தப்பித்தது.

பெரியவர்கள் சொன்னால் கேட்க வேண்டும் என்று உன்னை வளர்த்தேன். அன்று நீ கேட்காமல் போனதற்கு என் முழு ஆசி, இன்னொரு தடவை அப்படிச் சொன்னாலும் கேட்காதே. கட்டுரை அச்சானதும் ஒரு பிரதி அனுப்ப மறக்காதே. அகர வரிசையில் நானூறு பெயர்களுக்கு நடுவில் எங்கேயோ இருப்பாயாமே, இருந்துவிட்டுப் போ, எனக்கு நேரம் இருக்கிறது, தேடிக்கொள்கிறேன்.

உன்னிடம் திட்டு வாங்கியதில் பெருமைப்படும்,
அம்மா