அந்தோணி மச்சான் அடித்த ஆணிகள்

என் ஆசை அந்தோணி மச்சானுக்கு,

இதை நானே எழுதுகிறேன், நம்பு! கோலசிலாங்கூர் மாதா கோயில் மண்டபத்தில் எங்களைப் போன்ற கிழடுகளுக்கு எழுத்து வகுப்பு நடக்கிறது. ஒரு வரி எழுதுவதற்குள் தேநீர் ஆறிவிடுகிறது. ஆனாலும் உன் பெயரை எழுதி முடித்ததும் தனியாகச் சிரித்தேன்.

வெள்ளைக்காரன் மலாயாவில் அவசர காலம் அறிவித்தபோது நம் தோட்டத்து லய வீடுகளைச் சுற்றி முள்வேலி போட்டார்களே, நினைவிருக்கிறதா? காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுப் போராளிகளுக்கு அரிசி போய்விடக் கூடாதென்று, காலையில் கேட்டில் போலீஸ்காரர்கள் ஒவ்வொரு ரப்பர் பால்வாளியையும் கவிழ்த்துப் பார்ப்பார்கள். நாம் மரத்துக்குப் போவதற்குள் வெயில் ஏறி, பால் குறைந்துவிடும்.

எங்கள் கூட்டத்தை மேற்பார்த்த மண்டோரான நீதான் துணிந்து வெள்ளைக்காரத் துரையிடம் போனாய். வேலை முடிந்ததும் வாளியையும் மரம் சீவும் கத்தியையும் வேலிக்கு வெளியே பால் ஸ்டோரிலேயே பூட்டி வைத்தால், காலையில் வெறுங்கையோடு சீக்கிரம் கேட்டைக் கடக்கலாம் என்றாய்.

"கம்பெனியில அப்படி வழக்கமே இல்லியே, மண்டோர்," என்றார் துரை பக்கத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த கிராணி.

"தோட்டம் முழுசுக்கும் கேக்கல தொரை. என் கூட்டம் மட்டும் செஞ்சு பாக்கட்டும்."

"ஒரு கத்தி காணோம்னா நீ மண்டோர் இல்ல," என்றார் துரை.

துரையாவது பரவாயில்லை. நம் ஆட்களை யார் சம்மதிக்க வைப்பது? அவரவர் கைக்குத் தீட்டிய கத்தி அல்லவா! உன் தங்கை பிலோமினாவே, "என் கத்தியில வேற கை பட்டுச்சு, அண்ணன்னுகூட பாக்க மாட்டேன்!" என்றாள். ஆளுக்கொரு சேலைத் துணியைக் கிழித்துக் கத்தியில் அடையாளம் கட்டச் சொன்னாய்.

மறுநாள் கேட்டைச் சட்டென்று கடந்தோம். ஸ்டோரைத் திறந்தால், எல்லாக் கத்தியிலும் அதே சிவப்புப் பூத்துணி! சைக்கிளில் வரும் துணிக்காரர் தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் ஒரே சுருளிலிருந்து எல்லா வீட்டுக்கும் வெட்டிக் கொடுத்ததை யாருமே யோசிக்கவில்லை.

"மண்டோரே, எல்லா கத்தியும் ஒரே குடும்பம் லா!" என்று யாரோ கத்தினார்கள். கிராணி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணும் காணாம போகல கிராணியாரே, கலந்துதான் போச்சு. நாளைக்கும் பாருங்க," என்றாய்.

அன்று மாலையே ஸ்டோர் சுவரில் ஆணி அடித்தாய். நாம் எந்த மரவரிசையில் சீவுகிறோமோ, அதே வரிசையில் ஆளுக்கொரு ஆணி. மறுநாள் கை நீட்டினோம், அவரவர் கத்தி வந்தது. வெயிலுக்கு முன்னே மரத்தடியில் நின்றோம். பால் கோப்பைகள் நிரம்பி வழிந்தன! பிறகு மற்ற மண்டோர்களும் கேட்க, கிராணியே ஆணிப் பொட்டலத்தோடு வந்தாரே, மச்சான்! மண்டோர் வேலையும் உனக்கே நிலைத்தது.

இப்போது எதற்கு இந்தக் கதை என்கிறாயா? எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் இலவச முகாமில் ஒரே மாதிரிக் கண்ணாடி கிடைத்தது. மண்டபத்திலேயே வைத்துவிட்டுப் போவோம். நேற்று எல்லாம் கலந்துவிட்டன. டீச்சர், "ஆளுக்கொரு துணி கட்டிக்கலாமா, தாத்தா?" என்றாள்.

எனக்கு வந்த சிரிப்பில் இருமலே வந்துவிட்டது. "வேணாம்மா, ஆணி அடிப்போம்!" என்றேன்.

"கோயில் சுவரு தாத்தா, ஃபாதர் ஒத்துக்குவாரா?"

"மண்டபம் முழுசுக்கும் கேக்கல. முன் வரிசைக்கு மட்டும் கேட்டுப் பாரு."

ஃபாதர் சரி என்றுவிட்டார். நாளை சுத்தியலோடு போகிறேன். முதல் ஆணி உனக்கு. அதில் எவர் கண்ணாடியையும் மாட்ட விடமாட்டேன்.

உன் தங்கையைக் கட்டிக்கொண்டு இன்னும் அவளிடம் திட்டு வாங்கும் மச்சான்,
சவரிமுத்து